மெல்லிய முடி, எண்ணெய்த் தலை, அதன்மேல் சாயம்: எந்த ஷாம்பு வாங்கலாம்?



கெடாவில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்கும் வேலை செய்யும் சகோதரி ஒருவர் இந்தப் பகுதிக்குக் கேள்வி அனுப்பியிருக்கிறார். வயது 46. சின்ன வயதிலிருந்தே முடி மெல்லிசு. காலையில் தலைக்கு ஊற்றினால் சாயந்தரத்துக்குள் எண்ணெய் இறங்கி, மாடு நக்கின மாதிரி படிந்துவிடுகிறதாம். நாலு வருஷமாக நரைக்குக் கருப்புச் சாயம் அடிக்கிறார். பிசுக்குப் போகவில்லையே என்று துணி தோய்க்கும் சவுக்காரம், பாத்திரம் கழுவும் திரவம் எல்லாம் போட்டுப் பார்த்துவிட்டார். பிசுக்குப் போகிறது, கூடவே சாயமும் போகிறது. அதனால் மாதம் இரண்டு தடவை சாயம் அடிக்க வேண்டியிருக்கிறது. போன தடவை அடித்த மறுநாள் நெற்றியும் காது ஓரமும் அரித்து, கண் இமை வீங்கிவிட்டது. ஷாம்புதான் ஒத்துக்கொள்ளவில்லை என்று வேறு ஷாம்பு மாற்றிவிட்டாராம். மகள் கல்யாணம் நெருங்குகிறது, எந்த ஷாம்பு நல்லது என்று கேட்கிறார்.

சகோதரி, ஷாம்புவைப் பற்றி விவரமாகவே சொல்கிறேன். அதற்கு முன் ஒன்று. இதைப் படித்து முடிக்கும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம். வீட்டில் மிச்சம் இருக்கும் அந்தச் சாயப் பொட்டலத்தை எடுத்துத் தனியே வையுங்கள். வீசிவிடாதீர்கள், அட்டைப்பெட்டியோடு பத்திரமாக இருக்கட்டும். ஆனால் தலையில் மட்டும் இனிமேல் வைக்காதீர்கள். காரணம் பின்னால் வருகிறது.

எண்ணெய் எங்கிருந்து வருகிறது?

நம் தலையில் ஏறத்தாழ 1 லட்சம் முடிகள் இருக்கின்றன. ஒவ்வொரு முடியின் வேருக்கும் பக்கத்தில் ஒரு சின்ன எண்ணெய்ச் சுரப்பி இருக்கிறது. அது சுரக்கும் எண்ணெய் முடிக்கும் தோலுக்கும் வேண்டியதுதான். அதில் கெடுதல் ஒன்றும் இல்லை. சுருட்டை முடியில் அந்த எண்ணெய் வளைவுகளில் தங்கித் தங்கி மெதுவாக இறங்கும். நேரான முடியில் சீக்கிரம் இறங்கிவிடும். முடி மெல்லியதாக இருந்தால், கொஞ்ச எண்ணெயே போதும், ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும். ஆகவே உங்கள் தலை அசுத்தமாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் மனசில் போட்டுக்கொள்ளாதீர்கள். மெல்லிய முடிக்காரர்களுக்கு எண்ணெய் கொஞ்சம் முன்னாடியே கண்ணுக்குத் தெரிகிறது, அவ்வளவுதான்.

"அடிக்கடி கழுவினால் எண்ணெய் இன்னும் அதிகமாகச் சுரக்கும்" என்று ஒரு பேச்சு இருக்கிறது. இதை நம்ப வேண்டியதில்லை. சுரப்பிக்கு உத்தரவு கொடுப்பது உடம்புக்குள் ஓடும் ஹார்மோன்கள். நாம் வெளியே ஷாம்பு போட்டோமா இல்லையா என்று அதற்குத் தெரியாது. வயசுக்கு வரும் பிள்ளைகளுக்குத் திடீரென்று முகமும் தலையும் எண்ணெய் வழிவது இதனால்தான். வெயிலில் வேலை செய்து வேர்த்துக் கொட்டும் நம்மைப் போன்றவர்கள் தினமும் தலைக்கு ஊற்றினாலும் தப்பில்லை. எதைக்கொண்டு கழுவுகிறோம், எப்படிக் கழுவுகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

சவுக்காரம் செய்த வேலை

ஒரு முடியைப் பெருக்கிக் காட்டும் கண்ணாடியில் வைத்துப் பார்த்தால், அதன் வெளிப்புறம் அந்தக் காலத்து அத்தாப்புக் கூரை மாதிரி இருக்கும். ஒன்றின்மேல் ஒன்றாகச் செதில் செதிலாகப் படிந்திருக்கும். செதில்கள் படிந்திருந்தால் முடி பளபளக்கும். தூக்கிக்கொண்டால் சொரசொரக்கும், சிக்கு விழும்.

நிலைத்து நிற்கும் சாயம் என்று கடையில் விற்பதெல்லாம் இந்தக் கூரையைத் தூக்கித்தான் உள்ளே போகிறது. அமோனியா போன்ற காரப்பொருள் செதிலைத் திறந்துவிடும். சாயத்தின் சின்னஞ்சிறு துகள்கள் உள்ளே நுழையும். கூடக் கலக்கும் இரண்டாவது புட்டியில் இருக்கும் பெராக்சைடு அந்தத் துகள்களை ஒன்றோடு ஒன்று சேர்த்துப் பெரிதாக்கும். பெரிதான பிறகு அவற்றால் சுலபமாக வெளியே வர முடியாது. கருப்பு நிற்பது இப்படித்தான்.

ஆனால் ஒருமுறை திறந்த கூரை பழையபடி அவ்வளவு இறுக்கமாக மூடிக்கொள்வதில்லை. தண்ணீர் பட்டாலே முடி உப்பும். உப்பும்போது சாயம் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். சும்மா தண்ணீரிலேயே இப்படி என்றால், துணிச் சவுக்காரம் போட்டால் கேட்க வேண்டுமா? நம் தலைத்தோலும் முடியும் இயற்கையில் லேசான புளிப்புத் தன்மை உள்ளவை. சவுக்காரமோ நல்ல காரம். அது செதிலை மறுபடியும் தூக்கிவிடுகிறது, சாயம் வெளியே ஓடிவிடுகிறது. பாத்திரம் கழுவும் திரவம் சட்டியில் ஒட்டிய கறிக்கொழுப்பை எடுக்கச் செய்தது. தலையில் இருக்கிற எண்ணெய் அதற்கு எம்மாத்திரம்? வேண்டிய எண்ணெய், வேண்டாத எண்ணெய் என்று பார்க்காமல் எல்லாவற்றையும் வழித்துக்கொண்டு போய்விடும்.

இங்கே சகோதரி ஒரு வட்டத்தில் மாட்டிக்கொண்டார். காரமான கழுவல், அதனால் சாயம் போய்விடுகிறது. சாயம் போய்விடுவதால் அடிக்கடி டை. அடிக்கடி டை அடிப்பதால் அந்த மருந்து தோலில் படும் தடவைகள் கூடுகின்றன. மாதம் இரண்டு என்றால் வருஷத்துக்கு 24 தடவை. ஆறு வாரத்துக்கு ஒருமுறை என்றால் எட்டு, ஒன்பது தடவையோடு போகும். ஷாம்பு எது என்று கேட்பதை அழகுச் சமாச்சாரம் என்று நான் ஒதுக்காததற்கு இதுதான் காரணம்.

கடையில் நின்று பார்க்கும்போது

இப்போது பேரங்காடிக்குப் போனால் ஒரு சுவர் முழுக்க ஷாம்பு. நான் கம்பெனிப் பெயர் எதுவும் சொல்லப்போவதில்லை. எதைப் பார்த்து எடுக்க வேண்டும் என்று மட்டும் சொல்கிறேன்.

சகோதரியைப் போன்றவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. "எண்ணெய் முடிக்கு" என்று எழுதிய ஷாம்பு பெரும்பாலும் கொஞ்சம் வலுவாக எண்ணெயை எடுக்கும். சாயத்தையும் சீக்கிரம் மங்கவைக்கும். "சாயம் பூசிய முடிக்கு" என்று எழுதியதை எடுத்தால், வறண்ட முடியை மனசில் வைத்து அதில் எண்ணெயும் மெழுகு போன்ற பொருள்களும் நிறையச் சேர்த்திருப்பார்கள். மெல்லிய முடி அந்தப் பாரம் தாங்காது. மதியத்துக்குள் படுத்துவிடும். இரண்டும் வேண்டும், இரண்டும் முழுசாகக் கிடைக்காது.

அதற்கு என் அபிப்பிராயம் இது: ஷாம்புவைத் தலைத்தோலுக்காக வாங்குங்கள், சாயத்தைக் கழுவும் முறையால் காப்பாற்றுங்கள். எண்ணெய் சுரப்பது தோலில். சாயம் இருப்பது முடியில். இரண்டுக்கும் ஒரே புட்டி மருந்து தேட வேண்டாம்.

தினமும் போடுவதற்கு மென்மையான, பாரம் இல்லாத ஷாம்பு நல்லது. புட்டிக்குள் பார்த்தால் தண்ணீர் போலத் தெளிவாக, ஊடுருவிப் பார்க்கும்படி இருப்பவை பெரும்பாலும் பாரம் குறைந்தவை. பால் மாதிரி, முத்து மாதிரி வெள்ளையாகக் கெட்டியாக இருப்பவற்றில் முடிக்குப் பூச்சு கொடுக்கும் பொருள்கள் இருப்பது அதிகம். இது கண்ணால் பார்க்கும் ஒரு குறிதானே தவிர, சட்டம் இல்லை. மெல்லிய முடிக்கு என்றும், முடி உப்பி நிற்க என்றும் எழுதியிருப்பவற்றை முதலில் பாருங்கள். ஷாம்புவும் கண்டிஷனரும் ஒன்றாய்க் கலந்த "இரண்டும் ஒன்றில்" வகை உங்களுக்கு வேண்டாம்.

பின்பக்கம் பொடி எழுத்தில் சேர்மானங்கள் எழுதியிருக்கும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்ப் படிக்கச் சொல்லுங்கள். அளவில் அதிகமானது முதலிலும், குறைந்தது பின்னாலும் வரும். முதலில் தண்ணீர் இருக்கும். அடுத்து வருவதுதான் நுரைக்கும் அழுக்குநீக்கி. "சோடியம் லாரில் சல்பேட்" என்றால் கொஞ்சம் கடுமை. "சோடியம் லாரெத் சல்பேட்" அதைவிட மென்மை. கூடவே "கோகமிடோபுரோபைல் பீட்டேன்" என்று ஒன்று இருந்தால் கடுமை இன்னும் குறையும். முதல் ஐந்தாறு பெயருக்குள் "டைமெத்திகோன்" என்றோ ஏதாவது எண்ணெயின் பெயரோ வந்தால், மெல்லிய முடிக்காரர்கள் புட்டியைத் திரும்ப வைத்துவிடலாம்.

ஒரு விஷயம் இங்கே சொல்லத் தோன்றுகிறது. இந்த அழுக்குநீக்கிகளைச் செய்வதற்கு வேண்டிய மூலப்பொருள், தேங்காய் எண்ணெயிலிருந்தோ செம்பனைக் கொட்டைப் பருப்பின் எண்ணெயிலிருந்தோ எடுக்கப்படுகிறது. இரண்டிலும் லாரிக் அமிலம் என்னும் கொழுப்பு நிறைய இருக்கிறது. புட்டியில் "லாரில்", "லாரெத்" என்று வரும் பெயர்கள் அந்த உறவுதான். நீங்கள் குனிந்து பொறுக்கிய உதிரிப்பழத்தின் கொட்டையே ஆலையும் கப்பலும் சுற்றி, பளபளக்கும் புட்டியில் ஏறி, உங்களுக்கே விலைக்கு வந்திருக்கலாம்.

"சல்பேட் இல்லை" என்று பெரிதாக எழுதி விலையைக் கூட்டி வைத்திருப்பார்கள். வாங்குவதில் தப்பில்லை. ஆனால் அந்த ஒரு வரிக்காக இரண்டு மடங்கு காசு கொடுக்க வேண்டாம். சாயம் கசிவதில் தண்ணீருக்கே பெரிய பங்கு என்று மேலே பார்த்தோம். சல்பேட் இல்லாத ஷாம்புவைப் போட்டுக் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றினால் என்ன லாபம்? 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்ச சம்பளம் 1,700 வெள்ளி. அதில் ஷாம்புவுக்கு எவ்வளவு ஒதுக்க முடியும் என்று எனக்கும் தெரியும். நடுத்தர விலையில் கிடைக்கும் சாதாரண ஷாம்பு போதும். முதலில் சின்னப் பாக்கெட்டோ சின்னப் புட்டியோ வாங்கி, இரண்டு வாரம் போட்டுப் பார்த்துவிட்டுப் பெரிய புட்டி வாங்குங்கள்.

புட்டியில் இன்னொன்றையும் தேடுங்கள். நம் நாட்டில் விற்கும் ஷாம்பு, சாயம் போன்ற அழகுசாதனப் பொருள்களை என்.பி.ஆர்.ஏ. என்னும் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்துக்குத் தெரிவித்து அறிவிப்பு எண் பெற்றிருக்க வேண்டும். அந்த எண் என், ஓ, டி என்ற மூன்று ஆங்கில எழுத்துகளில் தொடங்கும். பாசார் மாலாமில் பெயர் ஊர் தெரியாத புட்டி மலிவாகக் கிடைத்தால், அந்த எண்ணை அந்த நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் பிள்ளையைத் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். எண் இருப்பதால் பொருள் எல்லாருக்கும் ஒத்துக்கொள்ளும் என்று அர்த்தம் இல்லை. விற்கிறவர் யார் என்று தெரியும். தகராறு வந்தால் கேட்க ஓர் இடம் உண்டு.

எப்படிக் கழுவுவது?

பிரட்டுக்குப் போகும் முன் விடியற்காலையில் தலைக்கு ஊற்றிவிட்டு, ஈர முடியை முடிந்து, மேலே துணியைக் கட்டி, அதற்கும் மேலே தொப்பி போட்டுக்கொண்டு போகும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. இதை மாற்றிக்கொள்ளுங்கள். ஈரமும் சூடும் எண்ணெயும் சேர்ந்தால் தலைத்தோலில் பூஞ்சை வளர அதைவிட நல்ல இடம் கிடையாது. வேலை முடிந்து வந்து கழுவுங்கள். வேர்வை, தூசு, எண்ணெய் எல்லாம் அப்போதுதான் தலையில் இருக்கிறது. முடி காயவும் நேரம் கிடைக்கும்.

பச்சைத்தண்ணீர் போதும், குளிர் தாங்காதவர்கள் வெதுவெதுப்பாக ஊற்றிக்கொள்ளலாம். ஷாம்புவை நேராக உச்சந்தலையில் கொட்டாமல், 50 காசு நாணயம் அளவு எடுத்து, ஒரு குவளைத் தண்ணீரில் கலக்கிக்கொள்ளுங்கள். அதை வேர்ப்பகுதியில் மட்டும் ஊற்றி, விரல் நுனியால் (நகத்தால் அல்ல) ஒரு நிமிஷம் தேயுங்கள். முடியின் நீளத்தைத் துணி கசக்குகிற மாதிரி கசக்க வேண்டாம். அலசும்போது வழிந்து போகிற நுரையே நுனிக்குப் போதும். ஷாம்பு தலைத்தோலுக்கு என்று சொன்னது இதைத்தான்.

கண்டிஷனர் போடுவதாக இருந்தால் அது நேர் எதிர். காதுக்குக் கீழே இருக்கும் முடிக்கு மட்டும், கொஞ்சமாக, ஒரு நிமிஷம். வேரில் பட்டால் மறுபடியும் மாடு நக்கின கதைதான். நல்லா அலசிவிடுங்கள்.

தலையில் கட்டும் துணியையும் தலையணை உறையையும் மறந்துவிடுகிறோம். எத்தனை நல்ல ஷாம்பு போட்டாலும், நேற்றைய எண்ணெயும் வேர்வையும் ஊறிய துணியை இன்றைக்கும் கட்டினால் எண்ணெய் தலைக்கே திரும்பிவிடும். இரண்டு மூன்று துணி வைத்துக்கொண்டு தினம் ஒன்று மாற்றுங்கள். வெயிலில் துணி கட்டாமல் இருக்கவும் கூடாது; வெயிலும் சாயத்தை வெளுக்கவைக்கும்.

மருந்தடிக்கும் வேலைக்குப் போகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். பாராகுவாட் என்னும் கொடிய களைக்கொல்லி நம் நாட்டில் 2020 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டுவிட்டது. ஆனாலும் வேறு மருந்துகள் அடிக்கப்படுகின்றன. காற்றில் வரும் தூவல் தலைத்துணியிலும் முடியிலும் படியும். மருந்தடித்த நாளில் "வெள்ளிக்கிழமைதானே தலைக்கு ஊத்துவோம்" என்று தள்ளிப்போடாதீர்கள். சாயம் மங்கினால் மங்கட்டும். அன்றைக்கே ஷாம்பு போட்டுக் கழுவி, துணியை மற்றவர் துணியோடு சேர்க்காமல் தனியாகத் துவைத்துவிடுங்கள்.

எண்ணெயும் சீயக்காயும்

எங்கம்மா காலத்தில் தலை நிறையத் தேங்காய் எண்ணெய் வைத்து, சீயக்காய் போட்டு முழுகினார்கள், யாருக்கும் முடி கொட்டவில்லை என்று பெரியவர்கள் சொல்வார்கள். அவர்கள் சொல்வதை நான் அப்படியே தள்ளிவிட மாட்டேன். தேங்காய் எண்ணெய் முடிக்குள் இறங்கி, கழுவும்போது முடியின் புரதம் வீணாவதைக் குறைக்கிறது என்று இந்திய ஆராய்ச்சியாளர்கள் 2003இல் எழுதினார்கள். சாயம் பூசி நைந்த முடிக்கு அது நல்லதே. ஆனால் எண்ணெய்த் தலைக்காரர்கள் அதை முடியின் கீழ்ப்பாதியில் மட்டும், கழுவுவதற்கு அரைமணி முன்பு, சில சொட்டு தடவினால் போதும். வேரில் வேண்டாம். பொடுகை உண்டாக்கும் பூஞ்சை நம் தலை எண்ணெயைத் தின்றுதான் வாழ்கிறது. பொடுகு இருக்கும் தலையில் மேலும் எண்ணெய் வைப்பது அதற்குச் சோறு போடுவது.

சீயக்காயின் நுரை சவுக்காரத்தைப் போலக் காரமானது அல்ல. பிசுக்கை நன்றாகவே எடுக்கும். மெல்லிய முடியில் அதன் தூள் தங்கிக்கொள்ளும் என்பதுதான் தொந்தரவு. கொதிக்கவைத்து, துணியில் வடிகட்டி, அந்தத் தண்ணீரை மட்டும் ஊற்றுங்கள். கண்ணில் பட்டால் எரியும். செம்பருத்தி இலைச் சாறு நைசாக்கும். ஆனால் எண்ணெய்த் தலைக்கு அது மட்டும் பத்தாது.

பொடுகு இருந்தால் மருந்தகத்தில் கீட்டோகோனசோல் சேர்ந்த ஷாம்பு கேளுங்கள். வாரம் இரண்டு தடவை, நுரையைத் தலையில் ஐந்து நிமிஷம் விட்டு அலச வேண்டும். செலினியம் சல்பைடு சேர்ந்தது சாயம் போட்ட முடியின் நிறத்தை மாற்றிவிடக்கூடும், அதனால் சாயக்காரர்கள் கேட்டு வாங்குங்கள்.

அந்தக் கண் இமை வீக்கம்

இப்போது, ஆரம்பத்தில் தள்ளிவைத்த விஷயத்துக்கு வருவோம்.

கருப்புச் சாயங்களில் பெரும்பாலும் பாரா பினிலீன் டயமின் என்னும் பொருள் இருக்கிறது. சுருக்கமாகப் பி.பி.டி. நிறம் கருக்கக் கருக்க அதன் அளவும் கூடும். சிலருடைய உடம்பு இந்தப் பொருளை எதிரியாக அடையாளம் கண்டுகொள்கிறது. அது முதல் தடவையே நடக்க வேண்டும் என்பதில்லை. நாலு வருஷம், பத்து வருஷம் ஒன்றும் செய்யாமல் இருந்துவிட்டு, ஒருநாள் திடீரென்று காட்டும். "இத்தனை வருஷமா இதைத்தானே அடிக்கிறேன், இதனால இருக்காது" என்று நாம் ஏமாறுவது இங்கேதான்.

இரண்டாவது ஏமாற்றம், இது உடனே தெரியாது. சாயம் அடித்துச் சில மணி நேரமோ, ஒரு நாளோ, இரண்டு நாளோ கழித்துத்தான் அரிப்பும் வீக்கமும் வரும். இடையில் ஷாம்பு போட்டுத் தலைக்கு ஊற்றியிருப்போம். பழி ஷாம்புவின்மேல் விழுந்துவிடுகிறது. ஷாம்புவில் சேர்க்கும் வாசனையும் கெடாமல் காக்கும் மருந்தும்கூடச் சிலருக்கு ஒத்துக்கொள்ளாமல் போவதுண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் தினமும் போட்ட ஷாம்பு இத்தனை நாள் சும்மா இருந்து, சாயம் அடித்த மறுநாள் மட்டும் நெற்றி, காது ஓரம், இமை என்று வீங்கினால் முதல் சந்தேகம் சாயத்தின் மேல்தான். தலைத்தோல் கெட்டி; இமைத் தோல் மெல்லிசு. அதனால் சாயம் தலையில் பட்டாலும் வீக்கம் இமையில் தெரியும்.

ஒருமுறை உடம்பு அடையாளம் கண்டுகொண்டால் சாமானியமாக மறப்பதில்லை. அடுத்த தடவை முதல் தடவையைவிடப் பலமாக வரலாம். தோட்டத்து மருந்தகத்தில் நான் வேலை பார்த்த நாளில் ஓர் அம்மா வந்தார். தீபாவளிக்கு முந்தின வாரம் சாயம் அடித்து இலேசாக அரித்திருக்கிறது. ஒரு மாதம் கழித்து உறவுக்காரர் வீட்டு விசேஷத்துக்கு மறுபடியும் அதையே அடித்திருக்கிறார். இரண்டு கண்ணும் திறக்க முடியாமல், தலையெல்லாம் நீர் வடிந்து, மகன் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு வந்தான். முதல் தடவை அரித்ததை யாரிடமும் சொல்லவில்லையே என்று கேட்டேன். "ஷாம்புதான்னு நெனச்சேன் ஐயா" என்றார்.

"அமோனியா இல்லை" என்று பெட்டியில் போட்டிருந்தால் பி.பி.டி. இல்லை என்று அர்த்தம் ஆகாது. "மூலிகை" என்று போட்டிருந்தாலும் அப்படித்தான். கருப்பு மருதாணி என்று விற்பதும் இதில் சேர்ந்ததே. அசல் மருதாணி சிவக்கும், பழுப்பாகும். ஒருநாளும் மை போலக் கருக்காது. சீக்கிரத்தில் கருப்பாகிறது என்றால் அதில் பி.பி.டி. கலந்திருக்க வாய்ப்பு அதிகம். கல்யாண வீட்டில் சின்னப் பிள்ளைகள் கையில் அதை வரைந்துவிடாதீர்கள். அந்த வயதில் ஒவ்வாமை பிடித்துக்கொண்டால் ஆயுசு முழுக்கத் தலைச்சாயம் அடிக்க முடியாது. பி.பி.டி.யின் உறவுக்காரப் பொருள் ஒன்று கருப்பு ரப்பர் சாமான்களில் சேர்க்கப்படுகிறது. கருப்பு ரப்பர் பூட்ஸ் போட்டாலும் உங்களுக்குக் கால் அரிக்கிறது என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

இதுவரை எந்தத் தொந்தரவும் இல்லாதவர்கள் ஒவ்வொரு தடவையும் சாயம் அடிப்பதற்கு முன்பு, பெட்டிக்குள் இருக்கும் தாளில் சொன்னபடி, காதுக்குப் பின்னாலோ முழங்கை மடிப்பிலோ ஒரு சொட்டு வைத்து 48 மணி நேரம் பாருங்கள். அரித்தாலோ சிவந்தாலோ அடிக்காதீர்கள். ஏற்கெனவே வீங்கியவர்கள், நம் சகோதரியைப் போல, இந்தச் சோதனையை வீட்டில் செய்து பார்க்கவே கூடாது. எப்போதாவது சாயம் அடித்த பிறகு உதடு, நாக்கு வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ காலைவரை காத்திருக்க வேண்டாம். உடனே 999க்குப் போன் போடுங்கள்; வண்டி இருந்தால் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். சாயத்தைப் பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் பூட்டி வையுங்கள். விழுங்கினால் தொண்டை வீங்கி மூச்சை அடைக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும் விஷம் அது.

சகோதரிக்கு

அம்மா, தனியே எடுத்து வைக்கச் சொன்ன சாயப் பெட்டியையும், முன்பு போட்ட ஷாம்பு, இப்போது போடும் ஷாம்பு இரண்டின் புட்டியையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குக்குப் போங்கள். குடிமக்களுக்கு 1 வெள்ளிதான். எந்தத் தேதியில் சாயம் அடித்தீர்கள், எந்தத் தேதியில் வீங்கியது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால் டாக்டருக்குச் சுலபம். வேண்டுமென்றால் ஆஸ்பத்திரித் தோல் பிரிவுக்கு அனுப்புவார்கள். அங்கே முதுகில் சின்னச் சின்னப் பட்டைகள் ஒட்டி எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடித்துச் சொல்வார்கள்.

வேறு கம்பெனிக் கருப்புச் சாயத்துக்கு மாறிவிடலாம் என்று நினைக்காதீர்கள். பெயர்தான் வேறு, உள்ளே இருப்பது அநேகமாக அதேதான். பி.பி.டி.க்குப் பதிலாக டொலுவீன் டயமின் சேர்த்தவையும் உண்டு, பி.பி.டி. ஒத்துக்கொள்ளாத பலருக்கு அதுவும் ஒத்துக்கொள்ளாது.

கல்யாணத்துக்கு என்ன செய்வது? தலையில் புண்ணும் அரிப்பும் முழுசாக ஆறிய பிறகு, டாக்டர் சரி என்றால், அன்றைக்கு மட்டும் நிற்கிற மாதிரி வகிட்டிலும் நெற்றி ஓரத்திலும் தடவும் வண்ணக்குச்சியோ தூளோ வாங்கலாம். அது முடிக்கு உள்ளே போவதில்லை, மேலே ஒட்டிக்கொள்ளும், அன்று ராத்திரி ஷாம்பு போட்டால் போய்விடும். அதன் பெட்டியிலும் பி.பி.டி. இருக்கிறதா என்று பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள். எண்ணெய்த் தலையில் அது பிடிக்காது. அதனால் முதல்நாள் சாயந்தரம் கழுவி, நன்றாகக் காயவைத்துக்கொள்ளுங்கள். எதுவும் வேண்டாம், நரையோடேயே நிற்கிறேன் என்றாலும் நில்லுங்கள். சம்பந்தி வீட்டார் பேசினால் பேசிவிட்டுப் போகட்டும். தாலி கட்டும் நேரத்தில் கண் இமை வீங்கி மகள் முகத்தைப் பார்க்க முடியாமல் போவதைவிட அது மேல்.

தெளிவான ஷாம்புவில் ஒரு சின்னப் புட்டியை இந்த வாரமே வாங்கிவிடுங்கள். சவுக்காரத்தைத் துணிக்கும், பாத்திரத் திரவத்தைப் பாத்திரத்துக்கும் விட்டுவிடுங்கள். கிளினிக்கில் என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள்.